கத்தரி விழும் இடம்

தமிழ்த் திரைப்படங்களில் தேயிலை மலை எவ்வாறு காட்டப்படும் என்பதைப் படம் பார்க்கும் பழக்கமுள்ள எவரும் எளிதில் சொல்லிவிடுவர். பாடல் தொடங்கும். பனிமூட்டம் மெல்ல விலகும். பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற சரிவில் நாயகனும் நாயகியும் ஓடி வருவர். செடிகளுக்கு நடுவே கூடை சுமந்த பெண்கள் சிலர் நிற்பர். இரண்டு மூன்று வினாடிகளில் காட்சி மாறிவிடும். அப்பெண்களைப் படம் முடியும்வரை மீண்டும் காண முடியாது.

அந்தச் சில வினாடிகள் தற்செயலாக அமைந்தவை அல்ல. படத்தொகுப்பு மேசையில் அமர்ந்து, ‘இவர்கள் இவ்வளவு நேரம் போதும்’ என்று ஒருவர் முடிவு செய்கிறார். திரைப்படத்தில் எதைக் காட்ட வேண்டும் என்பதைப் போலவே, எவ்வளவு நேரம் காட்ட வேண்டும், எதற்கு அடுத்ததாகக் காட்ட வேண்டும் என்பனவும் மதிப்பீடுகளே. யாருடைய வாழ்க்கை கதையாகிறது, யாருடைய வாழ்க்கை பின்னணியாகிறது என்பதை இம்மதிப்பீடுகளே தீர்மானிக்கின்றன. ஆகவே, நாள்தோறும் காணொலிகளைப் பார்த்தும் பகிர்ந்தும் வரும் இன்றைய மாணவர்கள், கவிதையை நயப்பதற்குக் கற்பதுபோல் படத்தொகுப்பை வாசிக்கவும் கற்க வேண்டும். கேமரன் மலையின் கோலா தெர்லா போன்ற ஊர்களில் வளரும் மாணவர்களுக்கு இது மேலும் இன்றியமையாதது. ஏனெனில், பிறர் அழகிய பின்னணியாகக் கருதும் இடமே அவர்களது ஊர்.

முதற்படமே தொழிலாளர் படம்

திரைப்படம் பிறந்த கதையிலேயே தொழிலாளர்களுக்கு இடமுண்டு. 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், பாரிஸ் நகரிலுள்ள ஒரு சிற்றுண்டிச் சாலையின் கீழ்த்தளத்தில் லூமியே சகோதரர்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு பத்துக் குறும்படங்களைத் திரையிட்டனர். அவற்றுள் ஒன்று, லியோன் நகரில் இருந்த அவர்களது தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறும் காட்சியாகும். அதன் நீளம் ஒரு நிமிடத்திற்கும் குறைவு. ஒளிப்பதிவுக் கருவி ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறது. கதவு திறக்கிறது, பெண்களும் ஆண்களும் வெளியே வருகின்றனர், மிதிவண்டியில் ஒருவர் செல்கிறார், ஒரு நாயும் ஓடுகிறது. அவ்வளவுதான்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலகம் பார்த்த முதல் திரைப்படங்களுள் ஒன்று தொழிலாளர்களைக் காட்டியது. ஆனால், அவர்கள் வேலை செய்வதைக் காட்டவில்லை. கருவி தொழிற்சாலைக்கு வெளியே நின்றது. உள்ளே நடந்த உழைப்பு மூடிய கதவுக்குப் பின்னாலேயே தங்கிவிட்டது. அக்காலத்துப் படச்சுருளின் நீளமும் வெளிச்சத்தின் தேவையும் இதற்குக் காரணங்களாக இருந்தன. அக்குறைகள் நீங்கி நூறாண்டுகளுக்கு மேலாகியும், உழைப்பைக் கதவுக்கு வெளியே நின்று பார்க்கும் பழக்கம் திரைப்படத்தை விட்டு முற்றாக நீங்கிவிடவில்லை.

வெட்டும் ஒட்டும்

ஒளிப்பதிவுக் கருவி ஒருமுறை இயங்கத் தொடங்கி நிற்கும்வரை பதிவாகும் தொடர்ச்சியான காட்சியைத் திரைத்துறையினர் ‘ஷாட்’ என்பர். தொடக்கக் காலப் படங்கள் ஒரே ஷாட்டில் அமைந்தவை. பல ஷாட்டுகளை வெட்டி ஒட்டினால் கதை சொல்லலாம் என்பதை இயக்குநர்கள் படிப்படியாகக் கண்டறிந்தனர். அமெரிக்க இயக்குநர் டி.டபிள்யூ.கிரிஃபித் 1909ஆம் ஆண்டில் எடுத்த ‘எ கார்னர் இன் வீட்’ என்னும் பதினான்கு நிமிடப் படம் இதற்குச் சிறந்த சான்றாகும். கோதுமை விதைக்கும் உழவர்கள், கோதுமை முழுவதையும் வாங்கிக் குவித்து விலையை ஏற்றும் வணிகர், விலையேறிய ரொட்டிக்காக வரிசையில் நிற்கும் ஏழைகள் ஆகிய மூன்று தரப்பினர் அப்படத்தில் வருகின்றனர். இம்மூன்று தரப்பினரும் ஒருவரையொருவர் சந்திப்பதே இல்லை. வணிகரின் விருந்துக் கூடத்தைக் காட்டிவிட்டு உடனே ரொட்டி வரிசையைக் காட்டுகிறார் கிரிஃபித். விருந்துக்கும் பசிக்கும் உள்ள தொடர்பை எந்தக் கதைமாந்தரும் எடுத்துச் சொல்வதில்லை. இரண்டு காட்சிகள் ஒட்டப்பட்ட இடமே அதைச் சொல்லிவிடுகிறது.

அடுத்து, ரஷ்யாவைச் சேர்ந்த லெவ் குலெஷோவ் 1920ஆம் ஆண்டையொட்டி ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத முகத்தைப் படம்பிடித்தார். அதே முகத்தை ஒரு கிண்ணம் சூப்புடனும், சவப்பெட்டியில் கிடக்கும் ஒருவருடனும், ஒரு பெண்ணுடனும் தனித்தனியே இணைத்துக் காட்டினார். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் கண்டதாகக் கூறப்படுகிறது. ‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பது தமிழ்ப் பழமொழி. திரையிலோ, முகத்தின் பொருள் அடுத்த ஷாட்டில்தான் தெரிகிறது.

இச்சோதனையைக் கேமரன் மலைக்குக் கொண்டு வந்தால் அதன் ஆற்றல் நன்கு விளங்கும். தேயிலை பறிக்கும் பெண் ஒருவர் நிமிர்ந்து பார்க்கிறார். அடுத்து, சுற்றுலாப் பயணி ஒருவரின் தேநீர்க் கோப்பையைக் காட்டினால் அப்பெண் விருந்தோம்புபவராகத் தோன்றுவார். அடுத்து, பள்ளிச் சீருடையில் நடந்து செல்லும் சிறுமியைக் காட்டினால் அவர் கனவு சுமக்கும் தாயாகிவிடுவார். அடுத்து, கருமேகம் சூழ்ந்த வானத்தைக் காட்டினால் மழைக்கு முன் வேலையை முடிக்க எண்ணும் திறமையான தொழிலாளியாக மாறுவார். பெண்ணும் ஒருவர்தாம், பார்வையும் ஒன்றுதான். பொருளை மாற்றியது வெட்டு.

இவ்வாற்றலை முழுமையாகப் பயன்படுத்தியவர் செர்கேய் ஐசன்ஸ்டைன். 1925ஆம் ஆண்டில் வெளியான ‘ஸ்டிரைக்’ என்னும் படத்தின் இறுதியில், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் கொல்லப்படும் காட்சியோடு இறைச்சிக்கூடத்தில் மாடு வெட்டப்படும் காட்சியை அவர் மாறி மாறி இணைத்தார். இரண்டும் வெவ்வேறு இடங்களில் நிகழ்பவை. ஆயினும், அவற்றை அருகருகே வைத்ததன்வழி, ‘மனிதர்கள் விலங்குகளாக நடத்தப்பட்டனர்’ என்னும் கண்டனத்தை ஒரு சொல்லும் இன்றி அவர் திரையில் எழுதினார்.

காத்திருக்கும் கருவி

வெட்டுவது ஒரு கலை என்றால், வெட்டாமல் பொறுத்திருப்பதும் ஒரு கலைதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியில் தோன்றிய நவயதார்த்தவாத இயக்குநர்கள் இதை நிறுவினர். விட்டோரியோ டி சிகா 1952ஆம் ஆண்டில் இயக்கிய ‘உம்பர்ட்டோ டி’ படத்தில் ஒரு காட்சி உண்டு. வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி காலையில் எழுந்து சமையலறைக்குள் வருகிறாள். அடுப்பைப் பற்ற வைக்கிறாள். காப்பிக் கொட்டையை அரைக்கிறாள். உட்கார்ந்தபடியே காலை நீட்டிக் கதவைச் சாத்த முயல்கிறாள். கதைக்குத் தேவையான திருப்பம் எதுவும் அங்கு நிகழவில்லை. ஆயினும், அவளது தனிமையையும் களைப்பையும் பார்வையாளர் அவளோடு இருந்து உணர்கின்றனர். நீண்ட காட்சியின் சிறப்பைத் தம் கட்டுரைகளில் விளக்கிய பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஆந்திரே பசான் இக்காட்சியை வியந்து பாராட்டினார்.

மலைச்சரிவில் உழைப்போரைப் பற்றிச் சிந்திப்பவர்கள் பார்க்க வேண்டிய மற்றொரு படம், ஜப்பானிய இயக்குநர் கனேட்டோ ஷிண்டோ 1960ஆம் ஆண்டில் எடுத்த ‘நேக்கட் ஐலண்ட்’. நன்னீர் இல்லாத சிறு தீவு ஒன்றில் ஒரு கணவனும் மனைவியும் இரண்டு மகன்களோடு வாழ்கின்றனர். அவர்கள் வேறொரு கரையிலிருந்து நீரைப் படகில் ஏற்றி வந்து, காவடிபோல் தோளில் சுமந்து, செங்குத்தான பாதையில் ஏறி, பயிர்களுக்கு ஊற்றுகின்றனர். ஏறக்குறைய உரையாடலே இல்லாத இப்படம் 1961ஆம் ஆண்டு மாஸ்கோ திரைப்பட விழாவில் உயரிய பரிசைப் பெற்றது.

நீர் சுமக்கும் செயலை ஷிண்டோ திரும்பத் திரும்பக் காட்டுகிறார். ஒவ்வோர் அடியும் எவ்வளவு கவனமாக வைக்கப்படுகிறது என்பதைப் பார்வையாளர் பார்த்துப் பழகுகின்றனர். பின்னர் ஒருநாள் மனைவி தடுமாறுகிறாள். ஒரு வாளி நீர் கொட்டிவிடுகிறது. உடனே கணவன் அவளை அறைகிறான். அந்த அறை தவறானது. அதைப் படம் மறைக்கவில்லை. அதே வேளையில், ஒரு வாளி நீர் கொட்டியதற்கே நெஞ்சம் பதறும் நிலைக்குப் பார்வையாளரும் வந்துவிட்டிருப்பர். முன்பு பொறுமையாகக் காட்டப்பட்ட உழைப்பே அந்த ஒரு வாளிக்கு மதிப்பைத் தந்தது. நீர் சுமக்கும் காட்சியை மூன்று வினாடிகளில் வெட்டியிருந்தால், கொட்டியது வெறும் தண்ணீராகவே இருந்திருக்கும்.

தமிழ்த் திரையில் தேயிலை

தமிழ்த் திரைப்படம் தேயிலைத் தோட்டத்தைத் தொடக்கத்திலேயே கண்டுவிட்டது. அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கி 1936ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சதி லீலாவதி’, எம்.ஜி.ஆர் நடித்த முதல் படம் என்ற வகையில் பலரும் அறிந்த ஒன்று. எஸ்.எஸ்.வாசனின் கதையைத் தழுவிய அப்படத்தின் நாயகன், மதுவால் நிலைகுலைந்து இலங்கைக்குத் தப்பியோடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலை செய்கிறான். தமிழில் பேசும்படம் தோன்றிய 1931ஆம் ஆண்டிலிருந்து ஐந்தே ஆண்டுகளில், கடல் கடந்த தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கை திரையில் இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது. எனினும், அக்கதையில் தோட்டம் நாயகன் பட்ட துன்பத்தின் ஒரு கட்டம் மட்டுமே. அங்குக் கிடைக்கும் புதையல் அவனை மீட்டுவிடுகிறது. புதையல் கிடைக்காத மற்றவர்கள் தோட்டத்திலேயே இருந்துவிடுகின்றனர். அவர்களின் கதை என்னவாயிற்று என்பது படத்தின் அக்கறை அன்று.

பின்வந்த பல்லாண்டுகளில் தேயிலை மலை பெரும்பாலும் பாடல் காட்சிக்கு உரிய இடமானது. இவ்வழக்கத்திலிருந்து விலகி நின்ற முயற்சிகளும் உண்டு. இலங்கை மலையகத் தொழிற்சங்கவாதியான வி.பி.கணேசன் தயாரித்து நடித்து 1975ஆம் ஆண்டில் வெளிவந்த ‘புதிய காற்று’, தோட்டத் தொழிலாளர்களையே கதையின் நடுவில் நிறுத்தியது. பாலா இயக்கிய ‘பரதேசி’ (2013), பி.எச்.டேனியல் எழுதிய ‘ரெட் டீ’ என்னும் நாவலை அடிப்படையாகக் கொண்டு, வெள்ளையர் காலத் தேயிலைத் தோட்டத்தின் கொடுமையைக் காட்டியது. அப்படத்தில் கிராம மக்கள் கங்காணியின் பின்னால் நாள்கணக்கில் நடக்கும் காட்சிகள் விரைவாகக் கடந்து செல்லப்படுவதில்லை. நடக்க முடியாமல் விழுபவரை விட்டுவிட்டுக் கூட்டம் நகர வேண்டிய நிலையையும் படம் காட்டுகிறது. தோட்டத்தை அடைவதற்கு முன்பே, திரும்பி வர முடியாத தூரம் அது என்பதைப் பார்வையாளரின் உடல் உணர்ந்துவிடுகிறது.

லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) மற்றொரு வழியைத் தேர்ந்தது. ஏலக்காய்த் தோட்டங்களுக்கும் அடிவாரத்திற்கும் இடையே மூட்டை சுமக்கும் ரங்கசாமி என்பவரே அதன் நாயகர். அவர் மலை ஏறுகிறார், இறங்குகிறார், வழியில் எதிர்ப்படுவோரிடம் பேசுகிறார். ஒளிப்பதிவுக் கருவியும் அவரது நடைக்கு ஏற்ற வேகத்திலேயே செல்கிறது. ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும் என்பதே அவரது ஆசை. இறுதியில், தாம் இழந்த நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கே அவர் காவலராகிறார். கருவி அவரை விட்டு மேலே மேலே எழுகிறது. அவர் சிறு புள்ளியாகிறார். சுற்றிலும் காற்றாலைகள் தெரிகின்றன. படம் முழுவதும் அருகில் இருந்தவரை இறுதியில் தொலைவில் வைத்ததால்தான் அந்தச் சேய்மைக் காட்சி மனத்தைச் சுடுகிறது. பாடல் காட்சியிலும் தொழிலாளர் தொலைவில்தான் நிற்கின்றனர். ஆனால், அவர்களைப் பார்வையாளர் ஒருபோதும் அருகில் கண்டதில்லை. ஆகவே இழப்பும் இல்லை.

மலேசியத் திரையும் தோட்டமும்

மலேசிய இந்தியர்களுக்கும் திரைப்படத்திற்கும் உள்ள தொடர்பு நெடியது. சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புக் கூடத்தில் உருவான தொடக்கக் கால மலாய்ப் படங்கள் பலவற்றை இயக்கியவர்கள் இந்தியர்கள். பி.ரம்லி நடித்த முதல் படமான ‘சிந்தா’வை (1948) இயக்கியவர் பி.எஸ்.ராஜ்ஹன்ஸ். அவர் நாயகனாக நடித்த ‘பக்தி’யை (1950) இயக்கியவர் எல்.கிருஷ்ணன். பின்னர், பி.ரம்லி 1955ஆம் ஆண்டில் ‘பெனாரெக் பெச்சா’வின்வழி இயக்குநரானார். ரிக்‌ஷா இழுக்கும் ஏழைத் தொழிலாளியே அப்படத்தின் நாயகர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆனால், மலேசியத் தோட்டத் தமிழர்களின் வாழ்க்கை தமிழிலேயே, மண்மணம் மாறாமல் உலகத் திரைப்பட விழாக்களுக்குச் செல்ல 21ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. தீபக் குமரன் மேனன் இயக்கிய ‘செம்மண் சாலை’ (2005), 1960களின் ரப்பர் தோட்டத்தில் வாழும் ஒரு குடும்பத்தையும், பல்கலைக்கழகம் செல்ல விரும்பும் மகளையும் அமைதியான நடையில் காட்டியது. அது ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015), தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் அடுத்த கட்ட வாழ்க்கையை, 1990களின் தொடக்கத்தில் வாழும் அப்போய் என்னும் சிறுவனின் கண்வழிக் காட்டியது. அப்படம் 2016ஆம் ஆண்டு 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தமிழ் பேசும் ஒரு படம் நாட்டின் சிறந்த படமாக ஏற்கப்பட்டது பெருமைக்குரிய நிகழ்வாகும்.

கேமரன் மலையின் தேயிலைக்கு இன்னும் அத்தகைய தமிழ்ப்படம் வாய்க்கவில்லை என்றே கருத வேண்டியுள்ளது. தான் துவான் எங் எழுதிய நாவலைத் தழுவி, தைவானிய இயக்குநர் டாம் லின் இயக்கிய ‘தி கார்டன் ஆஃப் ஈவ்னிங் மிஸ்ட்ஸ்’ (2019) கேமரன் மலையைக் களமாகக் கொண்ட படம். போரில் சகோதரியை இழந்த ஒரு பெண்ணும் ஜப்பானியத் தோட்டக்கலைஞர் ஒருவரும் அக்கதையின் மையம். அக்கதைக்கு அதுவே பொருத்தம். அதில் குறை காண இடமில்லை. ஆயினும், 1929ஆம் ஆண்டில் ஜே.ஏ.ரசல் தொடங்கிய போ தோட்டம் முதலாகக் காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்களின் கதையை வேறு யாரேனும் சொல்லும்வரை, அம்மலை தேநீர்ப் பொட்டலத்தின் மேல் அச்சிட்ட படமாகவே உலகுக்குத் தெரியும்.

எதிர்வாதங்கள்

இக்கருத்தை ஏற்காதவர்களும் உள்ளனர். மக்கள் களைப்பு நீங்கவே திரையரங்குக்குச் செல்கின்றனர். மெதுவாக நகரும் காட்சிகள் சலிப்பூட்டும் என்பது அவர்களின் முதல் வாதம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. அமெரிக்கத் திரை ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் செய்த கணக்கீட்டின்படி, 1930 முதல் 1960 வரையிலான ஹாலிவுட் படங்களில் ஒரு ஷாட்டின் சராசரி நீளம் 8 முதல் 11 வினாடிகள். 1990களின் இறுதியில் அது 3 முதல் 6 வினாடிகளாகக் குறைந்தது. கைப்பேசிக் காணொலிகளோ இன்னும் விரைவானவை. விரைவுக்குப் பழகிய கண்ணுக்கு நிதானம் சுமையாகவே தோன்றும்.

எனினும், விரைவு குற்றமன்று. கிரிஃபித்தும் ஐசன்ஸ்டைனும் வெட்டுகளால்தான் ஏழைகளின் பக்கம் நின்றனர். பாடலும் குற்றமன்று, அது தமிழ்த் திரையின் மரபு. கேட்க வேண்டிய வினா ஒன்றே: வெட்டும்போது எது விடுபடுகிறது? விரைவான வெட்டு ஒரு மனிதரைக் கதைக்குள் இழுத்து வரவும் கூடும். கதையிலிருந்து துடைத்து எறியவும் கூடும். ஒரே கருவியின் இருவேறு பயன்களைப் பிரித்தறிவதே கல்வி.

இரண்டாவது வாதம் சற்று நுட்பமானது. தொழிலாளரை நீண்ட நேரம் காட்டும் படங்கள் அவர்களின் துன்பத்தை மட்டுமே காட்டி, இரக்கத்துக்குரியவர்களாக ஆக்கிவிடுகின்றன என்பர் சிலர். இதையும் ஒதுக்கிவிட இயலாது. அடிபடும் முதுகை மட்டும் ஐந்து நிமிடம் காட்டுவதும் ஒருவகைத் தேர்வுதான். தேயிலை பறிப்பவரிடம் துன்பம் மட்டுமன்றித் தொழில்திறனும் இருக்கிறது. இளங்கொழுந்து எது, விட்டுவைக்க வேண்டிய இலை எது என்பதை அவரது கண் நொடிப்பொழுதில் பிரித்தறிகிறது. சரிவில் நிற்கும் கால் வழுக்காமல் இருக்கக் கற்றிருக்கிறது. வேலைக்கிடையே கேலியும் பாட்டும் உண்டு. துன்பத்துக்கு நேரம் தரும் கருவி, திறனுக்கும் சிரிப்புக்கும் அதே அளவு நேரம் தந்தால் அவர் முழு மனிதராகத் திரையில் நிற்பார்.

கோலா தெர்லாவில் ஒரு கைப்பேசி

பிரிஞ்சாங்கைக் கடந்து கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் வழியில் கோலா தெர்லா அமைந்துள்ளது. இவ்வட்டாரத்தில் தேயிலைச் சரிவுகளையும், நெகிழிக் கூரையிட்ட காய்கறிப் பண்ணைகளையும் அடுத்தடுத்துக் காணலாம். இங்குள்ள படிவம் நான்கு மாணவர் ஒருவர், ‘தேயிலையும் மனிதரும்’ என்னும் தலைப்பில் மூன்று நிமிடக் காணொலி எடுக்க முற்படுகிறார் எனக் கொள்ளலாம். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை ஆகிய அனைத்தும் அவரது கைப்பேசியிலேயே உள்ளன. ‘வீடு’ (1988) படத்திற்கு இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகிய மூன்றையும் பாலு மகேந்திரா ஒருவரே ஏற்றார். அன்று பெருங்கலைஞருக்கே வாய்த்த அந்த முழுப்பொறுப்பு, இன்று பதினாறு வயது மாணவரின் கைக்கு வந்துள்ளது.

அவர் முதலில் எடுப்பது பெரும்பாலும் பனிமூட்டமும் பச்சைச் சரிவுமாகவே இருக்கும். பிறகு தம் பாட்டியிடம் பேசுவார். கூடையை முதுகில் கட்டிக் கையால் கொழுந்து பறித்த காலத்தைப் பாட்டி சொல்வார். இவை நல்ல காட்சிகளே. மலேசியத் தமிழரின் வரலாறு அவற்றில் உண்டு. ஆனால், சரிவில் இன்று கத்தரியும் இயந்திரமும் கொண்டு தேயிலை வெட்டுபவர்கள் யார்? அவர்களுள் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். காய்கறிப் பண்ணைகளிலும் இதே நிலைதான். மேலும், இம்மலையில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பூர்வக்குடி மக்களும் உள்ளனர்.

இங்குதான் அம்மாணவரின் உண்மையான தேர்வு தொடங்குகிறது. பாட்டியின் குரல் ஒலிக்கும்போது, அந்த அயல்நாட்டுத் தொழிலாளர்களைத் தொலைவில் நிறுத்தி மூன்று வினாடி மட்டும் காட்டினால், படம் அழகாக முடிந்துவிடும். ஆயினும், அவரது பாட்டியின் தலைமுறைக்குத் திரைப்படங்கள் எதைச் செய்தனவோ, அதையே அவர் இன்னொரு தலைமுறைக்குச் செய்தவராவார். ‘எங்களைப் பின்னணியாக்கினார்கள்’ என்று வருந்தும் ஒரு சமூகம், தன் கையில் கருவி வந்தபோது பிறரைப் பின்னணியாக்குமாயின் அவ்வருத்தத்திற்குப் பொருளில்லை.

மாறாக, பாட்டியின் பழைய நினைவுக்கு அடுத்து, இன்றைய தொழிலாளி ஒருவரின் கைகளை அவர் காட்டலாம். பாட்டி தாயகத்திலிருந்து வந்த கடிதத்தைப் பற்றிப் பேசும்போது, வேலை முடிந்து தம் பிள்ளைகளோடு கைப்பேசியில் பேசும் நேப்பாளியர் ஒருவரை இணைக்கலாம். கிரிஃபித் கற்றுத் தந்த வெட்டு அதுவே. பல்லாண்டு இடைவெளியையும் இரண்டு மொழிகளையும் தாண்டி, அவ்விருவரும் ஒரே கதையின் மாந்தர்கள் என்பது யாரும் சொல்லாமலேயே விளங்கும். அதற்கு முன்னர், படம்பிடிக்கலாமா என்று அனுமதி கேட்க வேண்டும். பெயரைக் கேட்டறிய வேண்டும். அவர் விரும்பினால் அப்பெயரைப் படத்தின் இறுதியில் எழுத வேண்டும். இவை தொழில்நுட்பத்திற்கு அப்பாற்பட்டவை போலத் தோன்றினும், நல்ல இயக்கம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

வகுப்பறை செய்யக்கூடியது

இத்தகைய பார்வையை வளர்க்கப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு பாடல் காட்சியை ஒலியின்றி ஓடவிட்டு, யார் யார் எத்தனை வினாடி தோன்றுகின்றனர் என்று மாணவர்கள் கடிகாரம் பார்த்துக் கணக்கிடலாம். ஒரே முகத்தை மூன்று வெவ்வேறு காட்சிகளோடு இணைத்துக் குலெஷோவின் சோதனையைத் தாங்களே செய்து பார்க்கலாம். ஒருவர் ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கும்வரை வெட்டாமல் இரண்டு நிமிடம் படம்பிடித்து, முதல் பார்வையில் தெரியாத எவையெல்லாம் பின்னர்ப் புலப்பட்டன என்று எழுதலாம். இப்பயிற்சிகள் மொழிப்பாடத்திற்குப் புறம்பானவை அல்ல. கட்டுரை எழுதும் மாணவரும் எதை முதலில் வைப்பது, எதை விரித்துரைப்பது, எதை நீக்குவது என்றே சிந்திக்கிறார். பத்தி பிரிப்பதும் படம் தொகுப்பதும் உடன்பிறப்புகள்.

தேயிலை வெட்டுவோரின் கையில் கத்தரி உள்ளது. முற்காலப் படத்தொகுப்பாளரும் படச்சுருளைக் கத்தரியால்தான் வெட்டினார். செடி மீண்டும் தழைக்க வேண்டும் என்பதை அறிந்த தொழிலாளி, எவ்வளவு வெட்டுவது என்பதைப் போலவே எதை விட்டுவைப்பது என்பதையும் அறிவார். திரையில் மனிதர்களை வெட்டி ஒட்டுபவர்களுக்கும் அந்த அறிவு வேண்டும். கேமரன் மலையின் தேயிலைப் படம் இனிமேல்தான் எடுக்கப்பட வேண்டும். அதை எடுக்கப்போகும் மாணவர் எங்கே வெட்டுவார் என்பதைப் பொறுத்தே, அம்மலையில் உழைத்தவர்களும் இன்று உழைப்பவர்களும் திரையில் வாழ்வர்.